விசாரணை வெளியூர் போன கதை

சாப்பாட்டு மேசையின் மேல் நீல நிறக் கோப்பு ஒன்று கிடந்தது. அது அங்கே கிடந்திருக்கக் கூடாது. முந்தைய நாளே மகளோடு துறைமுகத்துக்குப் போயிருக்க வேண்டியது.

"அம்மா, நல்லாப் பாரு! அங்கதான் இருக்கா?" மகள் தொலைபேசியில் போட்ட சத்தம் பக்கத்து அறைக்கே கேட்டது.

"இங்கதான்டி இருக்கு. ரொட்டி டப்பாவுக்கு அடியில."

"போச்சு! அசல் சான்றிதழ் எல்லாம் அதுலதாம்மா இருக்கு. மூணு மணிக்குள்ள காட்டலேன்னா, இந்த வேலையைப் பட்டியல்ல அடுத்தவளுக்குத் தூக்கிக் கொடுத்துடுவாங்க."

"அழாதே. இதோ கிளம்பிட்டேன்." அம்மா தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

அப்போதுதான் அவள் கணவர் செய்தித்தாளை மடித்தார். அவசரமில்லாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். பெரிய விஷயம் எதையும் சொல்வதற்கு முன் அவர் அப்படித்தான் எதையாவது மடிப்பார்.

"நீ எதுக்கு? நான் போறேன்."

பேருந்து நிலையத்தில் அவர் உட்கார்ந்திருக்கும் கூண்டின் நெற்றியில் 'விசாரணை' என்று எழுதியிருக்கும். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சம்பளப் பட்டியல் தவிர வேறு யாரும் உபயோகிப்பதில்லை. ஊருக்கு அவர் விசாரணை. கறிகாய்க் கடையில் விசாரணை. மனைவியே கோபத்தில் இருந்தால், "விசாரணை எழுந்தாச்சா?" என்றுதான் கேட்பாள்.

இருபத்திரண்டு வருடங்களாக அவர் அந்தக் கூண்டில் இருந்தார். எந்த ஊருக்கு எந்த மேடை, எத்தனை மணி, எங்கே இறங்கி எங்கே மாறுவது, எல்லாம் தலைக்குள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மனப்பாடம் செய்தது. அதற்குப் பிறகு ஒரு காகிதத்தைக்கூட அவர் புரட்டிப் பார்த்ததில்லை. புரட்டுகிறவனுக்குத் தெரியாது என்று அர்த்தம் என்பது அவர் கட்சி. அவ்வப்போது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும். ஒன்றை நாலாக மடித்து மேசையின் ஆடும் காலுக்கு அடியில் கொடுத்திருந்தார். அதற்கப்புறம் மேசை ஆடவில்லை. சுற்றறிக்கையால் ஏதாவது பயன் உண்டா என்று யாரும் கேட்டால் அதைக் காட்டுவார்.

கூண்டு வாசலைப் பார்த்து இருந்தது. மேடைகள் அவர் முதுகுக்குப் பின்னால். பக்கத்துச் சந்துக் கதவு வழியாக வருவார், அதே வழியாகப் போவார். பேருந்து என்ற பொருளை அவர் அதிகம் பார்த்தவர் அல்ல. பயணமும் போனதில்லை. பிறந்தது இந்த ஊர், பெண் கட்டியது அடுத்த தெருவில்.

"வழி தெரியாதவன்தான் போய்ப் பார்க்கணும். தெரிஞ்சவனுக்கு எதுக்குப் பயணம்?" என்பார்.

அவர் ஒலிபெருக்கியில் மேடை எண்ணைச் சொன்னதும் கேட்பவர்கள் ஒரு நொடி கண்ணை மேலே உருட்டுவார்கள், உதட்டை அசைப்பார்கள், அதற்குப் பிறகுதான் நகர்வார்கள். தன் சொல்லை மனசில் எழுதிக்கொள்கிறார்கள் என்று விசாரணை பூரித்துப் போவார்.

இப்போது அவரே போகப் போகிறார்.

"அப்பாவா வராரு?" தொலைபேசியில் மகள் அலறினாள். "ஐயோ! அப்போ ரெண்டு கூட்டிக்கச் சொல்லும்மா!"

மனைவி தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ரெண்டு கூட்டிக்கணுமாம்."

"ரெண்டு பேரையா? துணைக்கா? நான் என்ன பால்குடி மாறாத பிள்ளையா?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். 

"சரி, ஏறும்போது போர்டையாவது படிச்சுட்டு ஏறுங்க."

"போர்டு படிக்கறது பயணிங்க வேலை," என்று சொல்லி, கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு விசாரணை புறப்பட்டார்.

கூண்டில் 'இன்று விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்டபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. தான் இல்லாமல் இந்த ஜனங்கள் இன்று என்ன பாடு படுமோ!

நாலாம் மேடையை நோக்கி அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு, நிலையத்தைப் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"சார், எங்க துறைமுகமா? ரெண்டு கூட்டிக்கோங்க சார்!"

"கூட்டறது உன் வேலைம்மா. என்கிட்ட ஏன் சொல்றே?"

அவள் துடைப்பத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அதற்குள் அவர் நாலாம் மேடையில் நின்ற வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணையும் மூடிவிட்டார். மணி ஒன்பது பத்து. வண்டி நகர்ந்தது. எல்லாம் சொன்னபடி.

ஆற்றுப் பாலத்தில் சக்கரங்கள் தடதடத்தபோது கண்ணைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை.

கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'ஆற்றுப் பாலம்' என்று சொல்லியிருக்கிறார். அங்கே உண்மையிலேயே ஓர் ஆறு இருக்கும், அதில் தண்ணீர் இருக்கும், தண்ணீரில் வெயில் விழுந்து அப்படிக் கண்ணைப் பறிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மனிதன் இடுப்பளவு தண்ணீரில் நின்று சைக்கிளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். விசாரணை கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியபடி, பாலம் முடியும் வரை அந்தச் சைக்கிளையே பார்த்தார்.

"எங்க?" என்றார் நடத்துநர்.

"துறைமுகம் ஒண்ணு."

"இது கல்குவாரி வண்டிங்க."

"தம்பி வேலைக்குப் புதுசா?"

"ஒம்போது வருஷம்."

"அப்போ தெரிஞ்சிருக்கணும். நாலாம் மேடையில நிக்கறது துறைமுகம் வண்டி."

"எந்த மேடையில வேணா நிக்கட்டுங்க. போறது கல்குவாரிக்கு. சந்தேகமா இருந்தா டிரைவரைக் கேளுங்க, அவர் தினம் அங்கதான் போறாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். குனிந்து முகத்தைப் பார்த்தார். "சார்... இந்தக் குரல்... நீங்க விசாரணைதானே?"

விசாரணை மெல்லத் தலையசைத்தார்.

நடத்துநரின் முகம் நோயாளியைப் பார்க்க வந்தவரின் முகமாக மாறியது. முன்னால் போய் ஓட்டுநரின் காதில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, உச்சுக்கொட்டினார். செய்தி இருக்கைக்கு இருக்கை பரவியது. ஓர் அம்மாள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். மரியாதை என்றால் இதுதான் என்று விசாரணை வாங்கிக் குடித்தார்.

"சார், மூணு ரோட்டுல இறக்கி விடறேன். துறைமுகம் வண்டி பின்னாலயே வருது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமா நில்லுங்க. எதிர்ப்பக்கம், சரியா?"

"மூணு ரோட்டை எனக்கே சொல்றியா? மணிக்கூண்டுக்கு இடது பக்கம்."

நடத்துநர் விசிலை ஊதினார்.

மூணு ரோட்டில் ரோடு மூன்று இருந்தது, மணிக்கூண்டு இல்லை. அது இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது. கூண்டு போனால் என்ன, இடது பக்கம் எங்கே போகும்? விசாரணை இடது பக்கத்தில் நின்றார். முக்கால் மணி நேரம் நின்றார். துறைமுகம் வண்டி வந்தது, எதிர்ப்பக்கத்தில். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, அவர் கையை ஆட்டி ரோட்டில் இறங்குவதற்குள் புகையை விட்டுவிட்டுப் போயிற்று.

அடுத்தது மாலையில்தான்.

கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. இதற்கும் அவரிடம் வழி இருந்தது. அவசரக்காரர்களுக்கென்றே அவர் வைத்திருந்த வழி. "மில் கேட்டுல படகு ஏறுங்க. அக்கரையில இறங்கினா துறைமுக ரோடு. அரை மணி மிச்சம்." எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பார்! ஆட்டோ ஒன்றை நிறுத்தி மில் கேட்டுக்குப் போனார்.

கேட் இருந்தது. மில் இல்லை. படகு இருந்தது, ஆனால் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அடியிலிருந்து கோழி ஒன்று வெளியே வந்து, அவரைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போயிற்று. பக்கத்தில் ஒரு முதியவர் குடைகளைப் பிரித்துப்போட்டுக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

"படகு எத்தனை மணிக்குங்க?"

முதியவர் நிமிர்ந்தார். "விசாரணையில சொன்னாங்களா?"

விசாரணை கோப்பை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார்.

"படகு நின்னு பன்னெண்டு வருஷம் ஆகுதுங்க. நான்தான் கடைசியா ஓட்டினது. இப்போ குடை பார்க்கறேன். மாசத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர் இப்படித்தான் மூச்சு வாங்கிட்டு வந்து நிப்பாங்க. உள்ளூர்க்காரங்க ஒருத்தர் வந்ததில்லை, எல்லாம் வெளியூர். 'விசாரணையில சொன்னாங்க, விசாரணையில சொன்னாங்க.' போன மாசம் ஒரு அம்மா, கையில பூங்கொத்தோட. தங்கச்சிக்குக் கல்யாணமாம். இங்க உக்காந்து அழுதுட்டுப் போச்சு. யாருங்க அந்தப் படுபாவி? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றார் விசாரணை.

கைப்பேசி அடித்தது. மகள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்மா."

"எங்கன்னு கேட்டேன்."

அவர் கோழியைப் பார்த்தார். "மில் கேட்டுல."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "பரவாயில்லைப்பா," என்றாள். "ரெண்டு வருஷம் படிச்சேன். இன்னும் ஒரு வருஷம் படிச்சுக்கறேன். நீங்க வெயில்ல நிக்காதீங்க." வைத்துவிட்டாள்.

மணி பன்னிரண்டே கால். விசாரணை கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்தார். தலைக்குள் இருந்த பாதைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாவற்றின் முனையிலும் ஒரு கோழி நின்றது.

பிறகு அவர் இருபத்திரண்டு வருடங்களில் செய்யாத ஒன்றைச் செய்தார். அது அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை இருமல்.

"ஐயா," என்றார் மூன்றாம் தடவை. "எனக்கு வழி தெரியலை. துறைமுகத்துக்கு எப்படிப் போகணும்?"

வானம் இடிந்து விழவில்லை. முதியவர் சிரிக்கக்கூட இல்லை. குடைக் கம்பியால் சுட்டிக்காட்டினார்.

"அந்தா, புதுப்பாலம் தெரியுதா? படியேறி நடந்து அக்கரைக்குப் போங்க. அந்தப் பக்கம் போற வண்டி எல்லாமே துறைமுகம்தான். கையைக் காட்டுங்க, நிறுத்துவாங்க. நிறுத்தினதும் ஏறிடாதீங்க. கேட்டுட்டு ஏறுங்க."

இவ்வளவுதானா! ஒரு மனிதனிடம் தெரியாது என்று சொன்னால், அவன் தன் வேலையை விட்டுவிட்டு, கையிலிருந்த கம்பியால் உலகத்தைத் திறந்து காட்டுகிறான்! விசாரணை படியேறினார். பாலத்தின் நடுவில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. ஆறு இந்தப் பக்கம் எங்கிருந்தோ வந்தது, அந்தப் பக்கம் எங்கேயோ போயிற்று. அதற்கு மேடை எண் இல்லை. நாற்பத்தொன்பது வயதில், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் காலால் ஓர் ஆற்றைத் தாண்டினார். தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தார். யாரும் அவரைக் கொண்டுவந்து விடவில்லை. அவரேதான் வந்திருந்தார்.

அக்கரையில் கையைக் காட்டினார். நாற்காலிகள் அடுக்கிய லாரி ஒன்று நின்றது.

"துறைமுகமா?"

"ஆமா."

"நெசமா துறைமுகமா?"

"ஏறுய்யா!"

பின்னால் இறக்கி வைத்திருந்த ஒரு நாற்காலியில் அமர்ந்து, பாதையே பின்னோக்கி ஓடும் அதிசயத்தைப் பார்த்துக்கொண்டு போனார். அவர் வாயால் மட்டுமே அறிந்த ஊர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஏரிக்கரையில் ஏரி இருந்தது! இரட்டைப் புளியமரத்தில் மரம் ஒன்றுதான் இருந்தது, அதையும் ரசித்தார். எல்லா இடத்திலும் மனிதர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளைகளுக்குத் தலை வாரினார்கள். இருபத்திரண்டு வருடங்களாக அவர் வெறும் எண்ணாகச் சொல்லி வந்த இடங்களில் இவ்வளவு பேர் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

கேட்கும் ருசியும் பிடித்துவிட்டது. வண்டி நின்ற இடமெல்லாம் கேட்டார். கடலுக்கு எதிரில் இறங்கி, அதன் பிரம்மாண்டத்தில் பேச்சிழந்து நின்று, பேச்சு திரும்பியதும் பக்கத்தில் நின்றவரிடம், "இது கடல்தானே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

துறைமுக அலுவலகத்தின் வாசலில் ஒரு கூண்டு இருந்தது. நெற்றியில் 'விசாரணை'. உள்ளே ஒருவர் தலையை நிமிர்த்தாமல், "மாடிப்படி ஏறி இடது பக்கம்," என்றார். அந்தக் குரலின் கம்பீரம் அவருக்கு நன்றாகப் பழக்கமானது. நன்றி சொல்லிவிட்டு, காவலாளியிடம் போய்த் தனியாகக் கேட்டார்.

"வலது பக்கம் சார். இடது பக்கம் கழிவறை."

மணி இரண்டு ஐம்பது. நடையில் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள். நீலக் கோப்பைப் பார்த்தாள். அதற்கு மேலே புழுதி படிந்த முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா! எப்படிப்பா வந்தீங்க?"

"கேட்டுக் கேட்டு வந்தேன்மா."

"நீங்களா? கேட்டீங்களா?"

அதிகாரிகள் சான்றிதழைக் கண்டு அசந்திருக்கலாம். அவள் அசந்தது இதற்குத்தான். கோப்பை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் நியமன உத்தரவு இருந்தது.

மாலை வண்டியில் ஊர் திரும்பியவர் வேறு மனிதர். தன் துண்டைத் தானே எடுத்துக்கொண்டார். மனைவியிடம், "சர்க்கரை எங்க இருக்கு?" என்று கேட்டார், அதுவரை "சர்க்கரை!" என்று அறிவிப்பதோடு சரி.

மறுநாள் விடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு பேருந்து நிலையத்தை முதன்முறையாக முன்பக்கத்திலிருந்து பார்த்தார். மேடை மேடையாக நடந்தார். ஒவ்வொரு போர்டாகப் படித்தார். ஒவ்வொரு ஓட்டுநரையும் கேட்டார், நடத்துநரைக் கேட்டுச் சரிபார்த்தார். அவர் சொல்லி வந்த எண்களில் ஒன்றுகூடச் சரியில்லை என்பதைக் கண்டபோது, தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இத்தனை வருடங்களாகத் தன்னை நம்பி எத்தனை ஜனங்கள் தவறான வண்டியில் ஏறி எங்கெங்கே அழுதார்களோ! பூங்கொத்து அம்மாள் கண்ணெதிரே வந்து போனாள். கூண்டுக்குள் போய், மேசைக் காலுக்கு அடியிலிருந்த சுற்றறிக்கையை உருவி, தூசி தட்டி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். மேசை ஆடியது. ஆடட்டும்.

ஒலிபெருக்கியை முடுக்கினார். குரல் தழுதழுத்தது.

"பயணிகள் கனிவான கவனத்துக்கு. துறைமுகம் செல்லும் பேருந்து, மேடை எண் ஆறு. கல்லூரி செல்லும் பேருந்து, மேடை எண் ஏழு..."

ஜனங்கள் கண்ணை உருட்டினார்கள், உதட்டை அசைத்தார்கள், நகர்ந்தார்கள். முதன்முறையாக உண்மையைச் சொன்ன நிம்மதியில் விசாரணைக்குக் கண் கலங்கியது.

பதினொரு மணிக்குக் கூண்டைச் சுற்றிக் கூட்டம். நிலைய மேலாளரின் அறையில் தொலைபேசி வாயை மூடவில்லை. கல்லூரிக்குப் போக வேண்டிய பேராசிரியை மீன் சந்தையில் நின்றுகொண்டு பேசினார். பல் பிடுங்கப் போனவர் மிருகக்காட்சி சாலையில் இருந்தார். கல்யாண வீட்டாரை ஏற்றிப் போன வண்டி சிறைச்சாலை வாசலில் போய் நின்றதாம். "இடம் சரிதான்," என்று மாப்பிள்ளை மட்டும் இறங்கிவிட்டாராம்.

"என்னய்யா சொன்னே காலையில?" என்று ஓடி வந்தார் மேலாளர்.

"சரியாத்தான் சொன்னேன் சார்! இந்தாங்க நோட்டு! மேடை மேடையா என் காலால நடந்து, என் கண்ணால பார்த்து, வாயால கேட்டு எழுதினேன். இன்னிக்கு நான் சொன்னதுல ஒரு எழுத்து தப்பு கிடையாது!"

மேலாளர் நோட்டை வாங்கிப் பார்த்தார். உண்மையிலேயே ஓர் எழுத்து தப்பில்லை. அவர் முகம் வெளிறியது. கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

கடைசியில், பெருக்கும் அம்மாள்தான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"முன்னால ரெண்டு புது மேடை கட்டி நம்பரெல்லாம் மாறினதுல இருந்து, நீங்க எந்த நம்பர் சொன்னாலும் ரெண்டைக் கூட்டிக்கிட்டு, இந்த ஊர்ல ஒரு பச்சைப்பிள்ளைகூட இதுநாள் வரை தொலைஞ்சதில்லை சார், நீங்க ஒரே ஒரு நாள் வெளியூர் போயிட்டு வந்து, மொத்த ஊரையும் தொலைச்சிட்டீங்களே!"